சந்தியில் நின்றால் நடுங்கும் கார்

நீலாவதிக்குக் கார் ஓட்டும் ஆசை வந்தது ஒரு பாயசத்தால். கோலா பிலாவில் அவளுடைய தங்கைக்குக் கல்யாணம். கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து விடியற்காலையிலேயே புறப்பட்டாள். பஸ் பாதி வழியில் படுத்துக்கொண்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து, வேர்த்து விறுவிறுத்து மண்டபத்துக்குள் நுழைந்தபோது தாலி கட்டி, மொய் எழுதி, பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தங்கை மணக்கோலத்தோடு ஓடி வந்து, "வாக்கா, மொதல்ல சாப்புடு" என்றாள். பாயசம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தங்கை கழுத்தில் தாலி ஏறியதைத்தான் அவள் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் சொல்லிவிட்டாள். "நான் லைசென்சு எடுக்கப் போறேன்."

சன்னாசி அந்தத் தோட்டத்தில் மண்டோர். ஐம்பது பேரை வேலை வாங்குகிறவன். வீட்டில் மட்டும் சத்தம் வராது. "எடேன். யாரு வேணாம்னா? ஆனா முன் சீட்டுல என்னைய ஒக்காரச் சொல்லாத" என்றான். கார் என்றாலே அவனுக்குக் குமட்டும். கண்ணாடி ஏற்றிய காரில் ஒரு மைல் போனால் முகம் வெளுத்துவிடும். லோரியின் திறந்த பின்பக்கத்தில் ஏற்றிவிட்டாலோ சிங்கப்பூர் வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே போவான்.

நீலாவதி அப்போது தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தாள். பால்மரம் வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, சாலை விதிகளை மனப்பாடம் செய்தாள். எழுத்துப் பரீட்சையில் முதல் தடவையே தேறினாள். மேட்டில் காரை நிறுத்தித் திரும்ப எடுக்கும் பரீட்சைதான் இரண்டு முறை காலை வாரியது. மூன்றாவது முறை, கார் பின்னால் உருளப் பார்த்தபோது, பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தமிழில் திட்டித் தீர்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய் அதிகாரி அவள் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார். கார் நின்றது, ஏறியது. லைசென்சு கிடைத்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஜொகூருக்கு மாற்றலாகிப் போனபோது தன் பழைய ஜப்பான் காரை அவளிடம் விட்டுப் போனார். சிவப்புக் கார். அந்தக் காலத்துக் கார்களில் இருக்கும் கார்புரேட்டர் அதில் இல்லை. எவ்வளவு பெட்ரோல் எண்ணெய், எப்போது என்று முடிவு செய்ய ஒரு தகரப் பெட்டி உள்ளே உட்கார்ந்திருந்தது. லயத்து வீடுகளில் எல்லாரும் அதைக் "கம்ப்யூட்டர் வச்ச காடி" என்றார்கள். பிரசவ வலி கண்டவள், பள்ளிக்கூடத்தில் பேர் பதியப் போகிற பிள்ளை, பசாருக்குக் கோழி கொண்டுபோகிறவர், கோயிலுக்கு நேர்ந்துகொண்ட ஆடு என்று அந்தக் காரில் ஏறாதவர் இல்லை. ஆடு ஒரே ஒரு தடவைதான்.

ஏழெட்டு வருஷம் இப்படி ஓடியது. தொண்ணூற்று இரண்டாம் வருஷம்தான் காருக்கு அந்த நோய் வந்தது.

முதலில் லேசாகத்தான் இருந்தது. சந்தியில் வந்து நின்றால் காரின் மூக்கு நடுங்கும். ஸ்டியரிங் கைக்குள் குறுகுறுக்கும். இன்ஜின் சத்தம் ஏறும், இறங்கும், பெருமூச்சு விட்டதுபோல ஒரேயடியாக நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல உடனே எடுக்கும். ஓடும்போதோ ஒரு குறையும் கிடையாது.

ஏறுகிற ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொன்னார்கள். எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார் ஒருவர். பிளக்கு போய்விட்டது என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டுத் தாயம்மா, "கண்ணு பட்டிருக்கு நீலா. ஒத்தப் பொம்பள கார் ஓட்டுனா ஊரு பாக்காதா?" என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து முன்னால் கட்டிவிட்டாள்.

இதற்கு நடுவில் முன்பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு வேறு எரிய ஆரம்பித்தது. பார்க்க ஆமை மாதிரி இருக்கும். ஏறுகிறவர்களின் கண் நேராக அங்கேதான் போகும். "அக்கா, என்னமோ எரியுது, வெடிச்சிடுமா?" என்று கேட்டுக் கேட்டு அவள் காது புளித்துவிட்டது. ஒரு நாள் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த விளக்கின்மேல் ஒட்டினாள். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. முன்பலகைக்குக் களை வந்துவிட்டதாகக்கூடத் தாயம்மா சொன்னாள்.

காரோடு சேர்ந்து நீலாவதிக்கும் உடம்பு படுத்தியது. வலது முட்டியில் வலி. நாற்பது வயதாகிறது, அப்படித்தான் இருக்கும் என்று அவளே தேற்றிக்கொண்டாள். சாயங்காலம் ஆனால் சன்னாசி தைலத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அந்த முட்டியைத் தேய் தேயென்று தேய்ப்பான். வீடே தைல வாசனை.

சிரம்பானை ஒட்டிய ராசாவில் அமிர்தலிங்கத்தின் பட்டறை இருந்தது. கார்புரேட்டர் வைத்த கார் என்றால் சிரம்பான் வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே திருகி முறுக்கிச் சரிசெய்வார். கம்ப்யூட்டர் வைத்த காரைக் கண்டால் மட்டும், யாரோ வீட்டு நாயைப் பார்ப்பதுபோல நாலடி தள்ளி நின்றுகொள்வார். நீலாவதியை அவர் தங்கச்சி என்று கூப்பிடுவார் என்பதால் அவளைத் திருப்பி அனுப்பவும் முடியவில்லை.

பானெட்டைத் திறந்து, கையைக் கட்டிக்கொண்டு சத்தத்துக்குக் காது கொடுத்தார். இன்ஜின் தையல் மெஷின் மாதிரி ஓடியது.

"இதுக்கு என்னா கேடு? நல்லாத்தான இருக்கு?"

"இங்க வந்தா நல்லாத்தான் இருக்கு அண்ணே. சந்தியில நின்னாத்தான் ஆடுது."

"என்னையப் பாத்தா அடங்கிடுதா? டாக்டரப் பாத்தா காய்ச்சல் போற பிள்ள மாதிரியா?" என்று சிரித்தார். பிளக்கை மாற்றினார். காற்று வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்தார். அடுத்த வாரம் அவள் திரும்பவும் வந்து நின்றாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள்.

அமிர்தலிங்கத்தின் மனைவிக்குச் சந்திரன் என்று ஒரு தம்பி. கோலாலம்பூரில் பெரிய பட்டறை ஒன்றில் வேலை. போனில் அவனைப் பிடித்தார்கள். "மாமா, பானெட்டுக்குள்ள ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். மூடியத் தெறந்தா ஓட்ட ஓட்டயா இருக்கும். நான் சொல்ற ரெண்டு ஓட்டைய ஒரு கம்பியால சேத்து, சாவியப் போடுங்க. அந்த வெளக்கு கண்ணடிக்கும். எத்தன தடவன்னு எண்ணிச் சொல்லுங்க" என்றான் அவன்.

பட்டறையில் சங்கிலி இருந்தது, வடம் இருந்தது, அந்த ஓட்டையில் நுழைகிற மாதிரி ஒரு மெல்லிய கம்பி மட்டும் இல்லை. நீலாவதி தன் வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அமிர்தலிங்கம் அதை விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு செருகினார்.

"சாவியப் போடு. எங்க வெளக்கு? வெளக்கையே காணோமே?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு பொட்டை உரித்தாள். ஆமை விளக்கு கண்ணடித்தது. "ஏழு" என்றார் அமிர்தலிங்கம்.

"இல்லண்ணே. ரெண்டு அடிச்சிட்டு நிக்குது. அப்புறந்தான் அஞ்சு."

"ரெண்டும் அஞ்சும் ஏழுதான தங்கச்சி?"

"நடுவுல மூச்சு விடுதுல்ல? அத விட்டுட்டா எப்படி?"

திரும்பத் திரும்ப அதையே அடித்தது. இரண்டு, ஒரு நிறுத்தம், ஐந்து. சந்திரன் போனில் கேட்டுவிட்டு, "இருபத்தஞ்சு. இன்ஜினுக்குள்ள காத்து கூடிப்போச்சு, எண்ணெய் பத்தலைன்னு அர்த்தம். புகைக்குழாயில ஒரு சென்சார் இருக்கும், அத மாத்துங்க" என்றான். மாற்றினார்கள். விளக்கு அணைந்தது. நீலாவதி வீட்டில் கேசரி கிண்டினாள். மூன்றாம் நாள், சிரம்பான் பசார் சந்தியில், கார் பழையபடி உதறலெடுத்தது. ஆமையும் வந்துவிட்டது.

அமிர்தலிங்கம் மோவாயைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தார். "பாவம், சென்சாரு உண்மையத்தான் சொல்லியிருக்கு. அழுவுற பிள்ளைய மாத்தி என்னா புண்ணியம்? யாரு கிள்ளுனதுன்னுல்ல பாக்கணும். எங்கயோ திருட்டுக் காத்து நொழையுது" என்றார். இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு ரப்பர் குழாயின்மேலும் கார்புரேட்டர் கழுவுகிற மருந்தை அடித்துப் பார்த்தார். விரிசல் இருந்தால் அந்த மருந்து உள்ளே போய் இன்ஜின் சத்தம் மாறும். சத்தம் மாறவே இல்லை. பழையதாகத் தெரிந்த இரண்டு குழாய்களைச் சும்மா இருக்கட்டுமென்று மாற்றி அனுப்பினார்.

இந்த நிலையில்தான் தாயம்மாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை இராஜமாணிக்கம், கோலா கிளாவாங்கில் கோழிக்கடை வைத்திருந்தான். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காலை முகூர்த்தம். அது முடிந்ததும் பொண்ணு மாப்பிள்ளையை நீலாவதியின் காரில் கோலா கிளாவாங்கில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் பொண்ணு வீட்டுக்குள் காலெடுத்து வைக்க வேண்டுமென்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். பெண் வீட்டுத் துணையாகச் சன்னாசி. சீர்ப் பாத்திரங்களையும் குத்துவிளக்கையும் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

ராசா சாலை விளக்கில் சிவப்பு விழுந்தது. கார் வழக்கம்போல் ஆட ஆரம்பித்தது. சிவப்பு நீண்டுகொண்டே போனது. விடியற்காலையிலிருந்து நின்றதில் நீலாவதியின் முட்டி விண்விண்ணென்று தெறித்தது. தாங்க முடியாமல் கைப்பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை எடுத்தாள்.

ஆட்டம் நின்றது.

அவள் இன்ஜின் சத்தத்துக்குக் காது கொடுத்தாள். தையல் மெஷின். மெதுவாகக் காலைப் பிரேக்கில் வைத்து அழுத்தினாள். ஆடியது. எடுத்தாள். நின்றது. அழுத்தினாள். ஆடியது.

பின்னாலிருந்து மாப்பிள்ளை கேட்டான். "என்னாக்கா, தாளம் போடுறீங்க?"

பச்சை விழுந்து, பின்னால் நின்ற லோரிக்காரன் ஹார்னை அழுத்தினான். நேராகப் போக வேண்டியவள் சடக்கென்று இடது பக்கம் ஒடித்தாள். பூமாலையும் ஜிகினாவுமாகக் கல்யாணக் கார் அமிர்தலிங்கத்தின் பட்டறைக்குள் போய் நின்றது.

அவர் அப்போதுதான் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்திருந்தார். "அலமாக்! ஊர்கோலத்த எதுக்கு இங்க கொண்டாந்த?"

"அண்ணே, நீங்க கேக்கறப்ப என் காலு பிரேக்கில இருக்கறதே இல்ல. அதான் ஒங்க முன்னால நல்லாருக்கு. சந்தியில நிக்கறப்ப மிதிச்சிக்கிட்டு நிக்கிறேன்ல? வாங்க, வந்து கேளுங்க."

அமிர்தலிங்கம் சாப்பாட்டை மூடினார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தலையைப் பெடலுக்குக் கீழே விட்டு, இரண்டு காலையும் வெளியே நீட்டிப் படுத்தார். நீலாவதி அவர் தோளில் இடிக்காமல் எப்படியோ சீட்டில் ஒடுங்கிக்கொண்டாள்.

"மிதி."

ஸ்ஸ்ஸ் என்று ஒரு சீறல். இன்ஜின் உதறியது.

"எடு."

சீறல் நின்றது.

"இன்னொரு தடவ மிதி... ஆங்! ஆப்புட்டான்!" என்று உள்ளேயிருந்து கத்தியவர் எழுந்திருக்கும்போது ஸ்டியரிங்கில் மண்டையை இடித்துக்கொண்டார். அதைத் தேய்க்கக்கூட இல்லை. "பாம்பு மாதிரி சீறுதுலா! மச்சான், நீங்களும் வந்து கேளுங்க!"

சன்னாசி கேட்டான். இராஜமாணிக்கமும் விடவில்லை. தலைப்பாகையைக் கழற்றி மணப்பெண் மடியில் போட்டுவிட்டு, பட்டு வேட்டியோடு படுத்துத் தலையை உள்ளே விட்டான். கல்யாணம் ஆனதிலிருந்து குனிந்த தலை நிமிராமல் இருந்த பெண் அப்போதுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

பிரேக் பெடலுக்குப் பின்னால், பானெட்டுக்குள், வாணலியைக் கவிழ்த்த மாதிரி ஒரு வட்ட டப்பா இருந்தது. பிரேக் பூஸ்டர். அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு. இன்ஜின் காற்றை உறிஞ்சும் வலுவை ஒரு குழாய் வழியாக வாங்கி, மிதிக்கிற காலுக்குத் துணையாக அந்தச் சவ்வு தள்ளிக் கொடுக்கும். சவ்வு கிழிந்துபோயிருந்தது. மிதிக்காதபோது ஒன்றும் தெரியாது. மிதித்த மாத்திரத்தில், கிழிசல் வழியாக வெளிக்காற்று குபுகுபுவென்று இன்ஜினுக்குள் போய்விடும்.

அமிர்தலிங்கம் அந்தக் குழாயை ஒரு பிடிப்பானால் இறுக்கி நெரித்துவிட்டு, "இப்ப மிதி" என்றார். மிதித்தாள். இன்ஜின் அசையவே இல்லை. சந்தேகம் தீர்ந்தது. பிடிப்பானைக் கழற்றிவிட்டு, அவர் தாமே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது.

"கல்லு மாதிரி இருக்கே! இதத்தான் இத்தன மாசமா மிதிச்சியா?"

"எனக்கு முட்டிதான் போச்சுன்னு நெனச்சேன் அண்ணே."

"ஒன் முட்டிக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி. பூஸ்டரு செய்யற வேலையையும் சேத்து ஒன் காலு பாத்திருக்கு."

சன்னாசி குத்துவிளக்கைக் கீழே வைத்தான். "அப்ப நான் தேச்ச தைலமெல்லாம்?"

"அத இந்த டப்பாவுல தேச்சிருக்கணும் மச்சான்."

பட்டறையே சிரித்தது. நீலாவதிதான் அதிகம் சிரித்தாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கும்போதே அவளுக்குப் புக்கிட் தங்கா ஞாபகம் வந்துவிட்டது. சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங் போக அந்த மலையை ஏறி இறங்க வேண்டும். இறக்கம் முழுக்க வளைவுகள்.

"இவ்வளவு நாளு ஓடுச்சேக்கா, இன்னிக்கு ஒரு நாளு ஓடாதா?" என்றான் இராஜமாணிக்கம். பொழுது சாய்வதற்குள் என்று சொல்லியனுப்பிய அம்மாவின் முகம் அவன் கண்முன் நின்றிருக்க வேண்டும்.

"தெரியாம ஓட்டுனது வேற தம்பி. தெரிஞ்சதுக்கு அப்புறம் ஒங்க ரெண்டு பேரயும் வச்சிக்கிட்டு மலையில எறங்க மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு உள்ளுக்குள் அழுகை முட்டியது. அந்தக் காரை முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து கழுவித் துடைத்திருந்தாள். கல்யாணக் கார் ஓட்டுவது அதுதான் முதல் தடவை.

அமிர்தலிங்கம் ஆணியில் தொங்கிய ஒரு சாவியை எடுத்து அவள் கையில் போட்டார். பட்டறை பிக்கப்பின் சாவி. பச்சைச் சாயம் அங்கங்கே உதிர்ந்த பழைய வண்டி. "பிரேக்கு புதுசு, நானே போட்டது. ஆனைய ஏத்திக்கிட்டு எறங்கினாலும் நிக்கும். கெளம்பு" என்றார்.

நீலாவதி மூக்கைத் துடைத்துக்கொண்டு, சிவப்புக் காரிலிருந்த மாலையைத் தானே அவிழ்த்துப் பிக்கப்பின் மூக்கில் கட்டினாள். ஜிகினா பத்தவில்லை, ஒரு பக்கத்துக்கு மட்டும் வந்தது. நீள சீட்டில் பழைய துண்டை விரித்து, பெண்ணை நடுவிலும் மாப்பிள்ளையை ஓரத்திலும் உட்கார வைத்தாள். திறந்த பின்பக்கத்தைப் பார்த்ததும் சன்னாசியின் முகம் மலர்ந்துவிட்டது. தாவி ஏறி, குத்துவிளக்கை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சிரம்பானைத் தாண்டுவதற்குள் பாட ஆரம்பித்துவிட்டான். மலை வளைவுகளில் அவன் குரல் காற்றில் அறுந்து அறுந்து முன்னால் வந்தது. இறக்கத்தில் நீலாவதி கியரைக் குறைத்து, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கினாள். தொட்டபோதெல்லாம் வண்டி சொன்னபடி கேட்டது. பக்கத்தில் மணப்பெண் புருஷன் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.

கோலா கிளாவாங்கில் மாப்பிள்ளை வீட்டார் வாசலில் சிவப்புக் காருக்காகக் காத்திருந்தார்கள். பச்சைப் பிக்கப் ஒன்று திரும்பி வருவதைப் பார்த்து, எவனோ சாமான் இறக்க வருகிறான் என்று கையைக் காட்டி ஒதுங்கச் சொன்னார்கள். அப்புறம் மாலை கண்ணில் பட்டது. நாதஸ்வரக்காரர் ஒரு மூச்சு தடுமாறி, பிறகு இரண்டு பங்கு சத்தமாக ஊதினார். வெயில் இன்னும் கூரைமேல் இருந்தது. ஆரத்தித் தட்டோடு வந்த மாமியார் மகனின் பட்டுச் சட்டை முதுகில் ஒட்டியிருந்த கறுப்பு மசகைப் பார்த்து, "தாலி கட்டுன அன்னிக்கே வேலைக்குப் போயிட்டு வந்தியாடா?" என்று கேட்டாள்.

நீலாவதியைப் பந்தியில் முதல் ஆளாக உட்கார வைத்தார்கள். அங்கே அவள் சாப்பிட்ட கோழிக்கறியைப் பற்றிப் பல வருஷம் பேசிக்கொண்டிருந்தாள்.

பழைய சாமான் கடையிலிருந்து அமிர்தலிங்கம் ஒரு நல்ல பூஸ்டர் தேடிப் பிடித்து மாட்டினார். காரை எடுக்கப் போன அன்று, சரிபார்க்க அவரும் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். முதல் சந்தியில் நீலாவதி பழைய ஞாபகத்தில் முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தாள். கார் முகத்தில் அறைந்ததுபோல நின்றது. அமிர்தலிங்கம் முன் சீட்டின் முதுகில் போய் மோதினார்.

"தங்கச்சி! வெத்தல மேல கால வைக்கிற மாதிரி வையி!"

இன்ஜின் அலுங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு எரியவில்லை. ஒரு வாரத்தில் முட்டி வலியும் போய்விட்டது. சந்திரனுக்குப் போன் போட்டு விவரம் சொன்னார்கள். அவன், "மாமா, எங்க பட்டறையில இதே இருபத்தஞ்சோட ஒரு காடி ரெண்டு மாசமா நிக்குது. இருங்க, போயி பிரேக்க மிதிச்சிப் பாத்துட்டு வர்றேன்" என்று ரிசீவரை வைத்துவிட்டு ஓடினான். அவன் திரும்பி வந்து என்ன சொன்னான் என்று கேட்க இவர்களுக்குப் பொறுமை இல்லை. அமிர்தலிங்கத்துக்குச் சாப்பாட்டு நேரம்.

அதற்கப்புறம் அமிர்தலிங்கம் கம்ப்யூட்டர் காரைக் கண்டு ஒதுங்கவில்லை. யார் காரைக் கொண்டுவந்தாலும், "எங்க ஆடுதோ அங்க கூட்டிக்கிட்டுப் போ" என்று முதலில் ஏறி உட்கார்ந்துகொள்வார். நீலாவதியின் சிவப்புக் கார் இன்னும் நாலு வருஷம் ஓடியது. தோட்டத்தில் மரங்களை வெட்டி வீட்டு மனைகள் போட்டபோது அவர்கள் ராசாவுக்கே குடிவந்தார்கள். சன்னாசிக்குப் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் காவல் வேலை கிடைத்தது. நீலாவதி ஒரு பள்ளிக்கூட வேன் வாங்கினாள். ஆயாக் கொட்டகையில் அவளிடம் தூங்கியவர்களின் பிள்ளைகள் சிலர் பிற்பாடு அதில் ஏறினார்கள். காலையில் அந்த வேன் தெருவுக்குள் திரும்பும்போது உள்ளே ஒரே கூச்சலாக இருக்கும். பூசணிக்காய் மாதிரி பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்களைப் பார்த்து அவள் ஜன்னல் வழியாகக் கத்துவாள்:

"மெதுவா வாங்கலா! ஒங்கள விட்டுட்டு எங்க போயிடப் போறேன்?"